சுழியத்தைத் திரும்பப் பெற்ற புகை பாய்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் ஜமாஅத் பெரியவர் அபுபக்கர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் வர்த்தகச் சங்க நிர்வாகிகளே, தந்தையை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஃபஸீலா அவர்களே, இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இன்று வண்டி எடுக்காமல் வந்து நிற்கும் ஓட்டுநர் தோழர்களே! வாடகைக் கார் ஓட்டுநர் சங்கச் செயலாளர் பால்ச்சாமியின் வணக்கம்.

பதினான்கு ஆண்டுகளாக மைக்கைப் பிடித்துக் கத்தி வருகிறவன் நான். இன்று அதைப் பிடிக்கத் தயங்குகிறேன். பதினொரு நாளுக்கு முன் மாரடைப்பில் நம்மை விட்டுப் பிரிந்த ஹபீப் ரகுமான் அவர்களைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு உண்டா? எனக்கே தெரியவில்லை. ஏனென்றால், அவரோடு அதிகம் மல்லுக்கு நின்றவன் நான்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் புகைப் பரிசோதனை நிலையம் நடத்தினார். ஊருக்கு அவர் 'புகை பாய்'. சைலன்சரில் குழாயைச் சொருகுவார். இயந்திரம் காட்டும் எண்ணை அப்படியே அச்சடித்துத் தருவார். "கொஞ்சம் பாத்துப் போடுங்க பாய்" என்று கெஞ்சாத ஓட்டுநர் இங்கே யாராவது இருந்தால் கை தூக்குங்கள் பார்ப்போம்! ஒரு கையும் எழவில்லை பாருங்கள். கெஞ்சியவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "ஃபில்டர மாத்திட்டு வாங்க, செத்த நேரத்துல முடிஞ்சிரும்."

தோழர்களே, நம் ஸ்டாண்டில் ஒரு விதி உண்டு. புகைச் சான்றிதழ் இல்லாத வண்டிக்குச் சவாரி முறை கிடையாது. இரண்டு ஆண்டுக்கு முன் தளவாய்புரம் மாரிசெல்வி, மின்சாரக் கார் ஒன்றை வாங்கி வந்து நம் ஸ்டாண்டில் நிறுத்தினார். கணவர் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவர். முறை கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சான்றிதழ் எங்கம்மா?" என்றேன்! சைலன்சரே இல்லாத வண்டிக்குப் புகைச் சான்றிதழ் கேட்ட செயலாளர் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விதி என் கையில் இருந்தது. புது வண்டி எங்கள் சவாரியைத் தின்றுவிடும் என்ற பயம் நெஞ்சில் இருந்தது.

மாரிசெல்வி நேரே பாயிடம் போனார். பாய் வண்டியைச் சுற்றி வந்தார். குழாயைச் சொருக இடமில்லை. வெள்ளைத்தாளில் 'புகை: சுழியம்' என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். அதை என்னிடம் நீட்டியபோது நான் சிரித்தேன். பாய்க்குப் போன் போட்டேன். "ஏன் பாய், அந்த கரண்டு எங்கருந்து வருது? தூத்துக்குடியில கரியப் போட்டு எரிக்கானே, அந்தப் புகைய யாரு கணக்குல எழுதுவிய?" என்றேன். "யோசிக்கணும் அண்ணாச்சி" என்று போனை வைத்தார். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மறுநாள் காலை ஸ்டாண்டுக்கு வந்தார். எல்லோர் முன்னாலும், "மாரிசெல்வி, அந்தத் தாளக் குடும்மா. நான் எழுதுனது தப்பு. அண்ணாச்சி கேட்டது நியாயம்" என்றார். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப எம் பொழப்பு பாய்?" என்று கேட்டார். பாய் என் பக்கம் திரும்பினார். "சுழியம் இல்லன்னு தெரிஞ்சு போச்சு. எம்புட்டுன்னு அளக்கணும்லா? அளக்கணும்னா வண்டி ஓடணும். மூணு மாசத்துக்கு முறை குடுங்க அண்ணாச்சி. உங்க பெட்ரோல் வண்டியையும் சேத்தே அளப்போம்."

மறுக்க முடியுமா? என் வாயாலேயே முறை கொடுக்க வைத்துவிட்டார்!

தன் நிலையத்திலேயே சார்ஜ் போட இடம் கொடுத்து மீட்டர் மாட்டினார். திங்கள்தோறும் ஒரே பெட்ரோல் பங்கில் என் டேங்கை நிரப்பச் சொல்லி லிட்டரையும் ஓடிய கிலோமீட்டரையும் குறித்துக்கொண்டார். மின்நிலையத்தில் எரியும் நிலக்கரி, கம்பியில் வீணாகும் மின்சாரம், பெட்ரோலைக் கச்சா எண்ணெயிலிருந்து பிரித்து லாரியில் கொண்டுவரும் செலவு, பேட்டரி செய்யும்போது எழும் புகை என ஒன்றையும் விடவில்லை. தெரியாததைப் படித்தார், படித்தும் புரியாததைக் கல்லூரிகளுக்கு எழுதிக் கேட்டார்.

மூன்று மாதம் முடிந்து சங்கக் கூட்டத்தில் எழுந்தார். அவர் கணக்குப்படி, என் வண்டி வெளிவிடும் கரியமில வாயு நூறு பங்கு என்றால் மாரிசெல்வி வண்டிக்காக எழுவது எழுபது பங்கு. பேட்டரி செய்தபோது எழுந்த புகை இதில் சேராது; அதை ஈடுகட்ட ஐம்பதாயிரம் கிலோமீட்டராவது ஓட வேண்டும். "ஓடுத வண்டிக்கு ஆமா, செட்டுக்குள்ள நிக்கிற வண்டிக்கு இல்ல" என்றார். வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் பகல் நேரத்தில், சாப்பாட்டு வேளையில் சார்ஜ் போட்டால் இன்னும் குறையும் என்றார். எவ்வளவு நேர்மையான பதில்! வாங்கு என்றும் சொல்லவில்லை, வாங்காதே என்றும் சொல்லவில்லை.

நான் விடவில்லை. "எல்லாரும் கரண்டு வண்டிக்குப் போயிட்டா உங்க கடைய இழுத்து மூடணுமே பாய்?" என்றேன். "எம் பொழப்பு புகையில இருக்குன்னு புகைய வாழவைக்க ஏலுமா அண்ணாச்சி?" என்றார். கூட்டம் கை தட்டியது. மாரிசெல்விக்கு அன்றே நிரந்தர முறை கிடைத்தது. இன்று நம் ஸ்டாண்டில் ஒன்பது மின்சாரக் கார்கள் நிற்கின்றன. அவர் நிலையத்துக்கு வரும் வண்டிகளோ குறைந்துபோயின. ஒரு நாளாவது முகம் சுளித்தாரா அந்த மனிதர்?

பெரியோர்களே, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இந்த மேடையில் சொல்கிறேன். அந்த மூன்று மாதமும் நான் ஏசி போடவில்லை. எண்பதில் போகிற ஆள் நாற்பத்தைந்தில் உருட்டினேன். சித்திரை வெயிலில் சவாரிக்காரர்கள் வேர்த்து வழிந்தார்கள். "ஏசி ரிப்பேரு" என்றேன். பாய் கேட்டபோதும் அதையே சொன்னேன். என் பெட்ரோல் குறைய வேண்டும், அவர் கணக்கு தோற்க வேண்டும். அவ்வளவு அற்பனாக இருந்தேன்!

அவருக்குத் தெரியாதா? இருபத்திரண்டு ஆண்டு வண்டியோடு பழகியவருக்குத் தெரியாமலா இருக்கும்? கூட்டம் கலைந்த பிறகு என் தோளில் கை வைத்தார். "உங்க வண்டிக்கு எம்புட்டுச் சாதகமா ஓட்ட முடியுமோ அம்புட்டும் ஓட்டிட்டிய அண்ணாச்சி. அப்பவும் முப்பது பங்கு வித்தியாசம் நிக்கி. எனக்கு அது போதும்." அறுபது ஓட்டுநர்கள் முன்னால் என் மானத்தை வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

முந்தாநாள் ஃபஸீலா, அவருடைய அளவைக் குறிப்பேட்டை என்னிடம் காட்டினார். என் வண்டிக்கான பக்கத்தின் அடியில் பாய் எழுதியிருக்கிறார்: 'ஏசி பழுது. பால்ச்சாமி அண்ணாச்சி சொன்னது.' பாருங்கள் அந்த மனிதரை! என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. என் பொய்யைத் தன் பொய்யாக எழுதிக்கொள்ளவும் இல்லை. அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.

ஆகவே இந்தச் சபையின் முன் உறுதி கூறுகிறேன். ஓய்ந்த பேட்டரி எங்கே போகிறது என்ற கேள்விக்கு அவர் பதில் தேடிக்கொண்டிருந்தார். அது தெரியும்வரை நம் ஸ்டாண்டின் எந்தக் காரிலும் 'தூய வாகனம்' என்று ஒட்ட மாட்டோம். ஒரு பேட்டரியையும் பழைய இரும்புக் கடையில் போட மாட்டோம். நிலையத்தை ஃபஸீலா நடத்துவார். மீட்டர் அங்கேயே இருக்கும்.

இன்னொன்று. வரும் திங்கட்கிழமை என் டேங்க் நிரம்பும். மாரிசெல்வியின் வண்டியும் என் வண்டியும் மறுபடியும் மூன்று மாதம் ஓடும். ஃபஸீலா அளப்பார்.

ஏசியப் போட்டே ஓட்டுதேன் பாய்.