பதிவு ஓடிக்கொண்டிருந்தது

என் வீட்டுக் கம்ப்யூட்டர் கொஞ்சம் பிடிவாதக்காரி, சார். திறந்திருக்கும் ஃபைலை அழிக்கப் போனால், அது உபயோகத்தில் இருக்கிறது என்று மறுத்துவிடும். ஆபீஸ் லேப்டாப் வேறு ரகம், வேறு இயங்குதளம். அழி என்றால் அழித்துவிடும். பட்டியலில் பெயர் இருக்காது. ஆனால் பதிவு செய்துகொண்டிருக்கும் ஆப்புக்கு அது தெரியாது. நிறுத்தும்வரை பதிந்துகொண்டே இருக்கும். நிறுத்தியதும் எல்லாம் போய்விடும்.

கிடங்குத் தீயில் ஆறு பேர் செத்தார்கள். கதவு வெளியே பூட்டியிருந்தது. பிழைத்த ஒரே தொழிலாளியின் வாக்குமூலத்தை ஆஸ்பத்திரியில் பதிவு செய்ய ஸ்டேஷனிலிருந்து என்னை அனுப்பினார்கள். கிடங்கு சூப்பர்வைசர் என் தம்பி என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

தம்பியைத் தீப்பிடித்த அன்றைக்கே சந்தேகப்பட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து குழாயடியிலேயே நின்றான். உள்ளங்கையைக் காட்டவில்லை.

“என்னடா மறைக்கிற?”

“ஒண்ணுமில்லக்கா. நீ போலீஸா, என் அக்காவா?”

அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரி அறையில் அந்தத் தொழிலாளியும் நானும் மட்டும். “சூப்பர்வைசர்தாம்மா பூட்டினாரு” என்றார். அந்த இடத்திலேயே, ஆபீஸ் லேப்டாப்பில் பதிவாகிக்கொண்டிருந்த ஃபைலை அழித்தேன். திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. “சொல்லுங்கண்ணே, பதிவாகுது” என்றேன்.

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். பூட்டச் சொன்னது முதலாளி. சாவியையும் அவரே வாங்கிவைத்துக்கொண்டார். புகையைப் பார்த்து ஓடிவந்த சூப்பர்வைசர், பழுக்கக் காய்ந்த பூட்டை வெறுங்கையால் இழுத்தார்.

“சாவியக் குடுங்கய்யான்னு முதலாளி கால்ல விழுந்தாரும்மா. ஜன்னல் வழியாப் பாத்துட்டுதான் இருந்தேன்.”

பதிவை நிறுத்தாதவரை அந்தக் குரலை மீட்டுவிடலாம். ஐந்து நிமிட வேலை. எனக்கு வழி தெரியும். ஆனால் அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் ஏறிடுச்சாம்மா? ஏன் இன்னும் நிறுத்தல?”

என்னைச் சந்தேகப்படுகிறார் என்று தோன்றியது. சாகக் கிடப்பவர் கண்ணெதிரே, நானே அழித்ததை எப்படித் தேடுவது? “ஏறிடுச்சுண்ணே” என்று சொல்லிப் பதிவை நிறுத்தினேன். மறுநாள் காலை அவர் இறந்துபோனார்.

இப்போது தம்பி உள்ளே இருக்கிறான். அவர் சொன்னதை நான் சொன்னால், அக்கா வேறெப்படிச் சொல்வாள் என்கிறீர்கள். உங்கள் இடத்தில் நானும் நம்பமாட்டேன். ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அழித்ததும் நான்தான், நிறுத்தியதும் நான்தான். அழித்தது தம்பிக்காக, நிறுத்தியது என் மானத்துக்காக.