நன்னடத்தை அறிக்கை

தேக்குப் பலகையை அறுத்த கையோடு வேலைக்கு எடுக்கக்கூடாது. பதுளைக் குளிரில் அது காய மற்ற ஊர்களைவிட இரண்டு மாதம் கூடுதலாக வேண்டும். அவசரப்பட்டால் அலுமாரி ஒரே மாரிக்காலத்தில் கோணிவிடும். பதினொரு வருடமாக இந்தச் சிறைச்சாலையின் தச்சுப் பட்டறையில் கைதிகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

ரெங்கசாமி ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். கங்காணியைக் கவ்வாத்துக் கத்தியால் வெட்டியதற்கு நாலு வருடம். 1955இல் வந்தபோது சீவுளியைத் தலைகீழாகப் பிடித்தான். ஒன்றரை வருடத்தில், அவன் பொருத்திய மூட்டில் ஒரு தாள் நுழையாது. பண்டாரவளைக் கண்காட்சியில் அவன் அலுமாரிக்கு முதல் பரிசு. சிறை அத்தியட்சகர் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நல்லபடி நடப்பவனை முன்கூட்டியே விடுவிக்கப் பட்டறை அறிக்கை வேண்டும். மூன்று தடவையும், "கோபம் இன்னும் அடங்கவில்லை" என்று எழுதினேன். அவன் ஒருநாளும் குரலை உயர்த்தியவன் அல்ல. ஆனால் வெளியே போய் மறுபடியும் மண்வெட்டி பிடித்தால் அந்தக் கை என்னவாகும்?

அவன் மனைவி மாரியாயி மாதம் ஒருமுறை இருமிக்கொண்டே நடந்து வருவாள். வாசலில் என்னைக் கண்டால் கேட்பாள்.

"எப்பங்க விடுவாங்க?"

"அது மேலிடத்து அலுவல், பிள்ளை. நான் என்ன செய்யிறது?"

நாலு வருடம் முடிய ஒரு கிழமை இருந்தது. இனி எந்த அறிக்கையும் அவனை நிறுத்தாது. எல்லோரும் மதியச் சோற்றுக்கு வரிசையில் நின்றபோது, அவன் பாய்க்குள் ஓர் உளியைச் சுருட்டி வைத்தேன். பிறகு காவலரிடம், உளி ஒன்று குறைகிறது என்றேன்.

பாயை உதறியபோது அவன் உளியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"நீங்க சொல்லுங்கய்யா. நான் அப்படிப்பட்ட ஆளா?"

"எனக்கென்னெண்டு தெரியும், ரெங்கசாமி?"

வழக்கு நடந்து இன்னும் இரண்டு வருடம் விழுந்தது. ஆயுதம் ஒளித்தவனைப் பட்டறைக்குள் விடமாட்டார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. அது என் பிழை. அத்தியட்சகரிடம் மன்றாடி மூன்றாம் மாதம் அவனைத் திரும்ப எடுத்தேன். "உங்களாலதாங்கய்யா" என்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

அந்தக் கிழமையே மாரியாயி தோட்டத்து லயத்து அறையில் செத்துப்போன செய்தி வந்தது. அவன் அழவில்லை. மறுநாள் காலை பட்டறை திறந்ததும் வலக்கையைப் பலகைமேல் நீட்டிவைத்து, இடக்கையால் மரம் செதுக்கும் வாய்ச்சியை எடுத்து மணிக்கட்டில் போட்டான். டாக்டர் வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் கையை நான்தான் துணியில் சுற்றினேன்.

நீங்கள் அந்த மரணத்தை விசாரிக்க வந்திருக்கிறீர்கள். வாய்ச்சி அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று மட்டும் கேட்கிறீர்கள். உளியை வைத்தது நான். அறிக்கைகளைப் பொய்யாக எழுதியதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கனகசுந்தரம் என்று கையெழுத்து வைக்கிறேன்.

ஒரேயொரு விஷயம். புஹாரி என்றொருவன் போன மாதம் வந்திருக்கிறான். அருமையான கை. எனக்குப் பதிலாக வருகிறவரிடம் சொல்லிவிடுங்கள்: அவனுக்குப் போட்டிருக்கும் இரண்டு வருடம் போதாது.