நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இரண்டு பிழைகள்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் சென்ற இதழில் வெளிவந்த என் கட்டுரையில், நாற்பத்தொன்றாம் பக்கத்தில், இரண்டு பிழைகள் இருக்கின்றன. அச்சுப்பிழைகள் அல்ல. நான் எழுதிக் கொடுத்தபடியேதான் அச்சாகியிருக்கிறது, ஆகவே யாரையும் கடிந்துகொள்ள வேண்டாம். ஒன்று, தேதி. பதினொன்று என்று இருப்பது பதினான்கு என்று இருக்க வேண்டும். மற்றது, பூச்சியைப் பிடித்தவர் பெயர். அங்கே என் பெயர் வந்திருக்கக் கூடாது.

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே துண்டுச்சீட்டுதான் எல்லாம். எந்த இடம், எந்த நாள், யார் பிடித்தது என்று எழுதிய சீட்டு இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட பூச்சியும் குப்பைக் கூடைக்குத்தான் போகும். நான் மாற்றி எழுதிய சீட்டு இது ஒன்றுதான். அதுவும் மூன்று நாள் வித்தியாசம். ஆராய்ச்சிக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிடித்தவர் என் தங்கையின் கணவர். எங்கள் பிரிவிலேயே களப்பணியாளர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார், அலுவலகத்திலும் அப்படித்தான். ஓடையில் அவர் புரட்டும் கல்லில் பூச்சி இருக்கும். நான் புரட்டினால் முதுகுவலிதான் வரும். மச்சான் எழுதுவதற்குப் பிறந்தவர், நான் நனைவதற்குப் பிறந்தவன் என்று தங்கையிடம் கிண்டல் செய்வார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

கட்டுரையில் வரும் தீவுக்கு நானும் அவரும் மூன்று வருடத்தில் நான்கு முறை போனோம். அருவிக்கு மேலே ஒரு மடு. நான் கட்டுரையில் விவரித்த, கேடிஸ் என்ற வகையைச் சேர்ந்த நீர்ப்பூச்சி உலகத்தில் வேறெங்கும் இல்லை, அந்த மடுவில்தான் இருக்கிறது. புழுவாக இருக்கும்போது தண்ணீருக்கடியில், வாயில் சுரக்கும் பட்டு நூலால் மணலை ஒட்டி, உடம்பைச் சுற்றி ஒரு உறை கட்டிக்கொண்டு வாழும். வளர்ந்தபின் சாம்பல் நிறத்தில் விரல்நகம் அளவே இருக்கும். பெண் பூச்சிகள் ஆறு கிடைத்திருந்தன. ஆனால் ஆணின் வால்நுனியைப் பார்க்காமல் புது இனம் என்று அறிவிக்க முடியாது, உங்களுக்குத் தெரியாததல்ல. நான் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. நான் புதிதாக அறிவித்த இனம் ஒன்றுகூட இல்லை. எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் பத்து, பன்னிரண்டு என்று அடுக்கிவிட்டார்கள். வயிறு எரிந்தது.

பதினான்காம் தேதி, நடுப்பகல். மாப்பிள்ளை வழுக்குப் பாறையில் நின்று, ஒரு இடுக்கிலிருந்து பூச்சியை எடுத்தார். லென்ஸில் பார்த்துவிட்டுச் சிரித்தார். குப்பிகள் இருந்த பை என் தோளில். எட்டி, என் உள்ளங்கையில் அதை வைத்து, என் விரல்களை அவரே மூடினார்.

"ஆண், மச்சான். பத்திரம்."

திரும்பும்போது கால் வழுக்கியது. அருவிக்குப் போகிற இழுப்பில் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. பாறை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அவருக்கும் இரண்டு முழம் இருக்கும். அவர் கூச்சல் போடவில்லை.

"கையக் குடுங்க மச்சான்" என்றார், சாப்பிடும்போது தண்ணீர் கேட்பதுபோல.

என் கை ஒழிவாக இல்லை. திறந்தால் பறந்துவிடும். யாராக இருந்தாலும் ஒரு நிமிடம் யோசித்திருப்பார்கள். யோசித்துக்கொண்டிருக்கும்போது இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை.

பூச்சியைக் குப்பியில் இறக்கி, ஸ்பிரிட் ஊற்றி மூடினேன். காய்ச்சலில் விடுதியில் படுத்திருந்தேன், அவர் தனியாகக் கீழ் ஓடைக்குப் போனார் என்று போலீசில் சொன்னேன். அதற்குப் பொருந்த, சீட்டில் பதினொன்று என்று தேதியும் பிடித்தவராக என் பெயரும் எழுதினேன். மறுநாள் பாலத்தடியில் கிடைத்தார். நான் அழுதது நிஜ அழுகை. இனத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தேன். தங்கை கட்டுரையின் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள்.

அன்று முதல் அந்தப் பூச்சி என் உள்ளங்கையில் துடிக்கிறது. குளிக்கும்போது துடிக்கிறது, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது துடிக்கிறது. நரம்புதான் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். விரலை விரித்தால் நின்றுவிடலாம். விரிக்கப் பயமாக இருக்கிறது.

புழுவையும் விவரித்தால் கட்டுரை முழுமையாகும் என்று ஓய்வு பெற்ற பிறகு, அடுத்த வருடம் தனியாகப் போனேன். அதே மடு. முதல் கல்லைப் புரட்டினேன். புழுவின் உறையில் நீலமாக ஏதோ மின்னியது. மாப்பிள்ளை மணிக்கட்டில் எப்போதும் ஒரு மணிக்கயிறு இருக்கும், அவர் மகள் கோத்துக் கட்டியது, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி மணிகள். பாறையில் உரசி அறுந்திருக்கிறது. புழுவுக்கு மணல் எது, மணி எது என்று தெரியாது. பதினேழு புழுக்கள் எடுத்தேன், ஆறின் உறையில் மணி இருந்தது. நான் மறைக்கவில்லை. "உறை மணலாலும் இலைத்துணுக்காலும், சிலவற்றில் நீலக் கண்ணாடி மணிகளாலும் ஆனது" என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். உங்கள் மதிப்பீட்டாளர் அது என்ன என்று கேட்டிருந்தார். சுற்றுலா வந்தவர்கள் போட்ட குப்பை என்று பதில் எழுதினேன்.

ஓய்வுக்குப் பின்னும் அருங்காட்சியகத்தில் எனக்கு ஒரு மேசை உண்டு; போன செவ்வாய்க்கிழமை தங்கை மகள் அப்பாவின் பூச்சியைப் பார்க்க அங்கே வந்தாள். பதின்மூன்று வயது. ஆண் பூச்சியைக் காட்டினேன். புழுவையும் பார்க்கவேண்டும் என்றாள். நுண்ணோக்கியில் வைத்த கண்ணை வெகுநேரம் எடுக்கவில்லை.

"மாமா, நீல மணி பத்தலன்னு ரெண்டு வெள்ளை மணிக்கு அம்மாவோட நெயில் பாலிஷ் வச்சேன். செவப்பு. அதுல ஒண்ணு இங்க இருக்கு."

குப்பிக்குள் இருந்த துண்டுச்சீட்டை அவளே படித்தாள். அருவிக்கு மேல் மடு என்று என் கையெழுத்தில் இருந்தது.

"அப்பா கீழ் ஓடைக்குத்தான போனாங்க?"

மணி ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏறாது. அதை அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. குப்பியை அவள் அப்பாவைப் போலவே இரண்டு விரலால் திருகி மூடி, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பா மூன்றாம் முறை கேட்காமல் விட்டது அவள் முகத்தில் இருந்தது.

இதன் நகல் ஒன்றைப் போலீசுக்கு அனுப்பியிருக்கிறேன். தங்கைக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இனத்தின் பெயரை மட்டும் தயவுசெய்து மாற்ற வேண்டாம்.

எழுதியதைத் திரும்பப் படித்தபோது இன்னொரு பிழை கண்ணில் பட்டது. என் கை ஒழிவாக இல்லை என்று மேலே சொல்லியிருக்கிறேன். பூச்சி இருந்தது இடது கையில். வலது கை சும்மாதான் இருந்தது.