மெர்லியின் கேபினில் நாலு டிராலி

மெர்லி: காலை மடக்கி உக்காரு நெங்கா. நீ நீட்டினா டிராலி நகருது, தட்டெல்லாம் சத்தம் போடுது.

நெங்கா: எங்கக்கா மடக்கறது? இந்தப் பக்கம் பன்னிக்கறி, அந்தப் பக்கம் சீஸு. நடுவுல நான். இன்னும் கொஞ்ச நேரம் போனா என்னையும் சேத்து யாராவது வெட்டி அடுக்கிடுவாங்க.

மெர்லி: மெதுவாப் பேசு.

நெங்கா: உன் கட்டில்ல இறால் படுத்திருக்கு. போர்வை வேற போத்தி விட்டிருக்க.

மெர்லி: ஐஸ் உருகிடக் கூடாதுன்னு போத்தினேன்.

நெங்கா: ஐஸ் எப்பவோ உருகியாச்சு. மெத்தையத் தொட்டுப் பாரு.

மெர்லி: ...ஆமா.

நெங்கா: ராத்திரி எங்க தூங்குவ?

மெர்லி: இறாலை நகத்திட்டுத்தான். மணி என்ன ஆச்சு?

நெங்கா: இப்பதான கேட்ட.

மெர்லி: திருப்பிக் கேக்கறேன், சொல்லேன்.

நெங்கா: பத்தரை. மேல புதுப் பயணிங்க ஏற ஆரம்பிச்சிருப்பாங்க. மயாமி வெயில்ல வரிசைல நின்னுட்டு வந்து, நேரா சாப்பாட்டு ஹாலுக்குத்தான் ஓடுவாங்க.

மெர்லி: மத்தியானத்துக்கு வேற சாமான் இருக்கு. இது ராத்திரி விருந்துக்கு.

நெங்கா: அதையும் எவ்ளோ சாதாரணமா சொல்ற. இருபது வருஷமா சாலட் பகுதில நிக்கற, கெட்டுப்போன இறால் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா? குளிர் அறை செத்து மூணு நாளாச்சு. மெக்கானிக்கு பார்ட்ஸ் வரல, பார்ட்ஸ் வரலன்னு...

மெர்லி: ஷ்ஷ். யாரோ வர்றாங்க... போயிட்டாங்க. துணி வெளுக்கற ஆளுங்க.

நெங்கா: நீ ஏன்க்கா அவ்ளோ காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்கற? கப்பலச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டருங்க ஊழியர் கேபின் பக்கம் வரவே மாட்டாங்க. அதுக்காகத்தான செஃப் ஸ்லாவ்கோ இதையெல்லாம் இங்க ஒளிச்சாரு.

மெர்லி: தெரியும். சும்மா கேட்டேன்.

நெங்கா: அதுலயும் உன் கேபின். கடைசி கேபின், கூட இருந்த பொண்ணு லீவுல ஊருக்குப் போயிட்டா... ஸ்லாவ்கோ எல்லாத்தையும் யோசிச்சு வெச்சிருக்காரு. அந்த மூளைய அந்தக் குளிர் அறையச் சரி பண்றதுல காட்டியிருக்கலாம்.

மெர்லி: அவருக்கும் பயம்டா. போன வருஷம் சோதனைல பெயிலானப்போ அவர் வேலை போகப் பாத்துது.

நெங்கா: அவர் வேலை போகல. நம்ம போன் போச்சு.

மெர்லி: ம்.

நெங்கா: எனக்கு இன்னும் அது புரியலக்கா. இவங்க வந்து கப்பலச் சோதிக்கறாங்க. அதுக்கு அரசாங்கம் கட்டணம் வாங்குது. சரி. கம்பெனிக்காரன் கட்டறான். அதுவும் சரி. நடுவுல நாம எங்க வந்தோம்?

மெர்லி: கட்டணம் கப்பலோட எடையப் பாத்துப் போடறது. சின்னக் கப்பலுக்குச் சின்னது. நம்மளது மாதிரி ஊரையே ஏத்திக்கிட்டுப் போற கப்பலுக்குப் பெருசு.

நெங்கா: எடையா? தராசு எங்க வெச்சிருக்காங்க?

மெர்லி: சிரிப்பு காட்டாத. ஒரு தடவ கட்டறது கம்பெனிக்குப் பெரிய விஷயமில்ல. வருஷத்துல ரெண்டு தடவ எப்படியும் வருவாங்கன்னு முன்னாடியே எடுத்து வெச்சிருப்பாங்க. ஆனா நூத்துக்கு எண்பத்தஞ்சு வந்தாக்கூடப் பெயில். பெயிலானா பேரு ஊர் பூரா நாறும். அத மாத்தணும்னா மறுபடி வாங்கன்னு கூப்பிடணும். மறுபடி முழுக் கட்டணம்.

நெங்கா: பணத்த வாங்கிக்கிட்டுப் பெயிலும் போடறாங்க. எங்க ஊர்ல பணம் கை மாறினா பாஸுதான்.

மெர்லி: எங்க ஊர்லயுந்தான். இது அந்தப் பணம் இல்ல. பெயில் போட்டாலும் பாஸ் போட்டாலும் இதே பணம். அதனாலதான் அவங்க யாரையும் பாத்துப் பயப்படறதில்ல.

நெங்கா: அப்போ அந்த ரெண்டாவது கட்டணத்த...

மெர்லி: ஊழியர் நலநிதிலேர்ந்து எடுத்தாங்க. சுத்தமா வெச்சுக்காதது ஊழியர் தப்பு, அதனால ஊழியர் பணம்னாங்க.

நெங்கா: நலநிதி போனதும் வீட்டுக்குப் பேசற இலவச நேரம் போச்சு. அப்பத்தான் என் பொண்ணு பொறந்தா. ரெண்டு மாசம் கழிச்சு, கொஸுமெல் துறைமுகத்துல ஒரு பழக்கடை வாசல்ல நின்னுக்கிட்டு அவ மூஞ்சியப் பாத்தேன். கடைக்காரன் வைஃபை. அவன்கிட்ட ஒரு மாம்பழம் வாங்கினாத்தான் பாஸ்வேர்டு.

மெர்லி: தெரியும்டா. நீ மாம்பழம் கொண்டாந்து எனக்குக் குடுத்த.

நெங்கா: பணம் போறது கூடப் பரவால்ல. போன பயணத்துல என் கேபின்ல இருந்த ஸமியாஜிய ஸ்ட்ரெச்சர்ல இறக்கினாங்களே... பயணிங்க வாந்தி எடுத்தத நாளெல்லாம் தொடைச்சுத் தொடைச்சு அவனுக்கும் வந்துடுச்சு. அந்த ஊன்றுகோல் பாட்டியம்மா ஞாபகம் இருக்கா? உன்கிட்ட தினமும் வந்து தர்பூசணி கேப்பாங்களே, விதை எடுத்துக் குடு விதை எடுத்துக் குடுன்னு...

மெர்லி: அத விடு.

நெங்கா: ஆம்புலன்ஸ்ல போனாங்களே, அப்புறம் என்ன...

மெர்லி: விடுன்னு சொன்னேன்ல.

நெங்கா: ...சரி. நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்.

மெர்லி: எதுக்கு?

நெங்கா: வயிறு சரியில்ல.

மெர்லி: பாத்ரூம் அங்க இருக்கு.

நெங்கா: உள்ள கறி வெட்டற மெஷின வெச்சிருக்கீங்க. அதுக்கு எதிர்ல எப்படி...

மெர்லி: அதுக்குக் கண்ணு இல்ல. போ.

நெங்கா: ஒரு சிகரெட் பிடிச்சிட்டு...

மெர்லி: நீ எப்போலேர்ந்து சிகரெட் பிடிக்கற?

நெங்கா: இன்னிலேர்ந்து.

மெர்லி: உக்காரு நெங்கா.

நெங்கா: அக்கா, வழிய விடு.

மெர்லி: விட மாட்டேன்.

நெங்கா: நிஜத்தச் சொல்லிடறேன். நான் மேல போறேன். இன்ஸ்பெக்டர் அம்மா கையில வெப்பமானிய வெச்சுக்கிட்டு கெட்ட சாமான் இல்லாத இடத்துல குத்திக் குத்திப் பாக்கறாங்க. அவங்ககிட்ட போய்...

மெர்லி: வழியெல்லாம் கேமரா இருக்கு.

நெங்கா: இருக்கட்டும்.

மெர்லி: இந்தக் கதவத் தொறந்து நீ படி ஏறினா, எந்த நேரத்துல ஏறின, யார்கிட்ட பேசினன்னு ராத்திரிக்குள்ள ஸ்லாவ்கோ பாத்துடுவாரு. அப்புறம் எந்தக் கப்பல்லயும் உன்ன எடுக்க மாட்டாங்க. வேற காரணம் சொல்லுவாங்க. உங்க ஊர் டென்பசார்ல அந்த ஏஜெண்ட் ஆபீஸ் வாசல்ல உக்காந்துக்கிட்டு, அடுத்த மாசம் வா, அடுத்த மாசம் வான்னு கேட்டுக்கிட்டே இருப்ப.

நெங்கா: அதுக்காக?

மெர்லி: அதுக்காக உக்காருன்னு சொல்றேன்.

நெங்கா: உன்ன நான் வேற மாதிரி நினைச்சிருந்தேன். எல்லாருக்கும் அக்கா, எல்லாருக்கும் அக்கான்னு... கடைசில பாத்தா ஸ்லாவ்கோவுக்குக் காவல்காரி.

மெர்லி: நினைச்சுக்கோ.

நெங்கா: ரெண்டு மாசத்துல உன் காண்ட்ராக்ட் முடியுது, கையில பணத்தோட உங்க ஊர் இலோய்லோவுக்குப் போய் உக்காந்துடலாம்னு பாக்கற.

மெர்லி: ஆமா. மகன் நர்சிங் முடிக்கப் போறான். வேற என்ன சொல்லணும்? சொல்லு, கேட்டுக்கறேன். மணி என்ன?

நெங்கா: இறால விக்கறவன் கூட இப்படி மணி பாக்க மாட்டான். எது எப்படியோ, ராத்திரி விருந்துக்கு இது போகாது.

மெர்லி: என்ன?

நெங்கா: ஒண்ணுமில்ல.

மெர்லி: என்னடா பண்ணின?

நெங்கா: லிஃப்ட்ல தனியா வந்தப்போ... மேஜை தொடைக்கற குளோரின் பாட்டில் ஒண்ணு டிராலி அடித்தட்டுல இருந்துது. ஊத்திட்டேன்.

மெர்லி: எதுல?

நெங்கா: கறி மேல. சீஸ் மேல. இனிமே நாய் கூடத் தொடாது.

மெர்லி: கடவுளே... எத்தன டிராலில ஊத்தின?

நெங்கா: நீ என்னை அடிக்கப் போறியா?

மெர்லி: எத்தனன்னு கேக்கறேன்.

நெங்கா: ரெண்டு. மூணாவதுக்குப் போறதுக்குள்ள பாட்டில் காலி.

மெர்லி: இறால்ல?

நெங்கா: இறால்ல ஊத்தல. இந்த மீன் டிராலிலயும் ஊத்தல.

மெர்லி: அப்பாடா.

நெங்கா: அப்பாடாவா? உனக்குப் பைத்தியமா? இவ்ளோ நாத்தத்துல உக்காந்துக்கிட்டு, இறால் தப்பிச்சுதேன்னு சந்தோஷப்படற.

மெர்லி: முட்டாளே. தூக்கிப் போடற சாப்பாட்டுலதான் குளோரின் ஊத்துவாங்க, யாரும் எடுத்துத் தின்னக் கூடாதுன்னு. நாளைக்கு யாராவது இதப் பாத்தா ஸ்லாவ்கோ என்ன சொல்லுவாரு? பாருங்க, நாங்களே குப்பைன்னு முடிவு பண்ணி ஊத்திட்டோம், குப்பை அறைல எடமில்லாம இங்க வெச்சிருக்கோம்... அவ்ளோதான். கை கழுவிட்டுப் போயிடுவாரு.

நெங்கா: ...அத நான் யோசிக்கல.

மெர்லி: யோசிக்கல.

நெங்கா: ஆனா யாரு பாக்கப் போறா? நீதான் யாரையும் பாக்க விட மாட்டேங்கறியே.

மெர்லி: பேசாத. கதவுகிட்ட யாரோ நிக்கறாங்க.

ஸ்லாவ்கோ: மெர்லி, நான்தான். தொறக்க வேணாம்.

மெர்லி: சொல்லுங்க செஃப்.

ஸ்லாவ்கோ: சாமான் எல்லாம் பத்திரமா?

மெர்லி: பத்திரமா இருக்கு.

ஸ்லாவ்கோ: நல்லாப் போயிட்டிருக்கு. பெரிய அடுப்படி முடிச்சுட்டாங்க, தண்ணித் தொட்டி முடிச்சுட்டாங்க. அந்தம்மா மூஞ்சில ஒண்ணும் தெரியல, ஆனா பாஸ் போட்டுடுவாங்கன்னு தோணுது. ஒரே கட்டணத்தோட தலைவலி போயிடும். நான் மேல போகணும், தேடுவாங்க.

மெர்லி: செஃப், இறால் தண்ணி விட்டுடுச்சு. வாசன வருது.

ஸ்லாவ்கோ: பூண்டு வெண்ணெய்ல வதக்கிடலாம். எலுமிச்சை தூக்கலாப் புழிஞ்சா ஒண்ணும் தெரியாது. நெங்கா எங்க?

மெர்லி: இங்கதான் இருக்கான். வந்ததுலேர்ந்து என் கூடவே இருக்கான் செஃப். ஒரு நிமிஷம் கூட வெளிய போகல.

ஸ்லாவ்கோ: நல்லது. அவன விடாத. அவன் மூஞ்சியே சரியில்ல.

மெர்லி: விட மாட்டேன் செஃப். எங்கயும் போகல அவன், நான் சாட்சி.

ஸ்லாவ்கோ: சரி சரி.

நெங்கா: ...போயிட்டாரா?

மெர்லி: போயிட்டாரு.

நெங்கா: கேட்டியா? பூண்டு வெண்ணெயாம். நாளைக்கு எவனோ ஒருத்தன் வாந்தி எடுப்பான், இன்னொரு ஸமியாஜி தொடைப்பான். நீ சாட்சி சொல்லு. ஒரு நிமிஷம் கூட வெளிய போகல, ஒரு நிமிஷம் கூட வெளிய போகலன்னு... என்னை என்னமோ ஜெயில்ல போட்ட மாதிரி.

மெர்லி: அந்தத் தண்ணிய எடு.

நெங்கா: ஏன் கதவையே பாத்துக்கிட்டிருக்க?

மெர்லி: சும்மா.

நெங்கா: சும்மாவா? உனக்கு உடம்பு சரியில்லையா?

மெர்லி: நல்லாத்தான் இருக்கேன். ஷ்ஷ்... கேளு.

நெங்கா: துணி வண்டி.

மெர்லி: வண்டி இல்ல. நடக்கறாங்க. ரெண்டு மூணு பேர்.

நெங்கா: இந்த நேரத்துல இங்க யாரு... அக்கா, நேரா வர்றாங்க.

மெர்லி: நேரா வந்தா இந்தக் கேபின்தான்.

வெளியே ஒரு பெண் குரல்: கப்பல் சுகாதாரப் பரிசோதனை. என் பேரு ஒடெட். கதவத் தொறங்க, உள்ள பாக்கணும்.

நெங்கா: அக்கா...

ஸ்லாவ்கோ: அம்மா, அது ஊழியர் தூங்கற அறை. ராத்திரி வேலை பாத்துட்டு யாராவது அசந்து தூங்குவாங்க. உணவு சம்பந்தமா அங்க ஒண்ணும்...

ஒடெட்: தூங்கறவங்கள எழுப்பினதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். கதவத் தொறக்கச் சொல்லுங்க.

நெங்கா: அக்கா, சத்தியமா நான் சொல்லல. சொல்லணும்னு நினைச்சேன், அவ்ளோதான். நான் இங்கயேதான இருந்தேன், நீ பாத்தல்ல? நீ சொல்லணும் அக்கா, ஸ்லாவ்கோ என்னத்தான் சொல்லுவாரு. இத்தன கேபின்ல நேரா இங்க வந்து நிக்கறாங்கன்னா யாரோ நம்பரையே சொல்லியிருக்கணும்... நான் இல்ல...

மெர்லி: தெரியும்டா. காலைல அந்தம்மா கை கழுவ என் தொட்டிகிட்ட வந்தாங்க. துடைக்கக் காகிதம் எடுத்துக் குடுக்கற சாக்குல நம்பரச் சொல்லிட்டேன். உடனே வராதீங்க, எல்லாத்தையும் சுத்திட்டுக் கடைசில வாங்கன்னும் நான்தான் சொன்னேன். இனிமே கப்பல் ஏறப் போறதில்ல நான், என் பேரு கெட்டாப் பரவால்ல. நீ இன்னும் ஏறணும். அதான் உன்ன வெளிய விடல. தள்ளு, கதவ நான் தொறக்கறேன்.