சமாதானம் சொல்லும் நேரம்

ஈப்போவில் மாதா கோயிலின் நூற்றாண்டுப் பூசை முடிந்து, சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். நீலச் சேலை கட்டியவர், பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்:

“அந்தச் சீனப் பாட்டிக்குப் போயி சமாதானம் சொன்னேன்க்கா.”

“அதுல என்ன லா? பக்கத்துல உள்ளவங்களுக்கு எல்லாரும்தான் சொல்றோம்.”

“எங்க அண்ணன் முன் பெஞ்சுல இருந்தாரு. பூசையில ‘ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லிக்குங்க’ன்னு ஃபாதர் சொன்னதும் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டாரு. நான் வெடுக்குன்னு அந்தப் பக்கம் திரும்பி, யாருன்னே தெரியாத பாட்டி கையப் புடிச்சுக்கிட்டேன்.”

“அம்மா அடக்கத்துக்கு அவரு வரலைன்னு இன்னுமா கோவம்?”

“ஆறு வருசமாச்சு. இன்னைக்கு அவ்வளவு தூரம் தஞ்சோங் மாலிம்லேருந்து வந்திருக்காரு. பூசை முடிஞ்சு தேடுறேன், காரையே காணோம். சாப்பிடாமப் போயிட்டாருக்கா.”

“போன் போடேன்.”

“நம்பர நான்தான் அழிச்சேன்.”

அதற்குள் அவர்கள் முறை வந்துவிட்டது. நீலச் சேலைக்காரர் தட்டு எடுக்கவில்லை. சோறு போடுகிறவரிடம் கேட்டார்:

“ரெண்டு பொட்டலமா கட்டிக் குடுங்கண்ணே. தஞ்சோங் மாலிம் போற வரைக்கும் கெட்டுப் போவாதுல்ல?”