பார்லோ ஊர் வக்கீல்

மைக்கை என் பக்கம் தள்ளிவிட்டு நிம்மதியாக அமர்ந்திருக்கும் தலைவர், மூத்த வழக்கறிஞர் அப்துல் அஹத் அவர்களே! என்னைப் பேசவைக்கத் துணிந்த திருவரங்கம் வாசகர் வட்டச் செயலாளர் ரங்கநாயகி அம்மையார் அவர்களே! ஆன்றோரே, சான்றோரே, கோயிலுக்குப் போகும் வழியில் குரல் கேட்டு வந்து அமர்ந்த தாய்மார்களே! லால்குடியில் பிறந்து, தென்னூரில் வக்கீலாக இருந்து ஓய்ந்த ரெங்கநாதனின் பணிவான வணக்கம்.

எனக்குப் பயந்த சுபாவம். ஆகவே சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

ஒன்று: ஈபன் ஹாலிஸ்டர் என்ற அமெரிக்கர் சிற்றூர் வக்கீலாக வாழ்ந்த கதை.
இரண்டு: அவர் தம் மாநிலத்தின் முதல் சட்டசபைக்குப் போன கதை.
மூன்று: பெரிய ஊரைக் கண்டவர் பிறந்த ஊரை மறந்த கதை.

"சார், மைக்கைக் கிட்ட வெச்சுக்குங்க" என்கிறீர்கள். வைத்துக்கொண்டேன்.

நம் மண்ணில் ஆளா இல்லை, இருநூறு ஆண்டுக்கு முந்தைய அமெரிக்கர் எதற்கு? என் மகள் ஸ்ரீவித்யா குடியிருப்பது அவர் பிறந்த பார்லோவில். சென்ற கோடையில் அங்கே இருந்தேன். அவள் வேலைக்குக் கிளம்பியதும் எனக்குப் போக்கிடம் அவருடைய பழைய வீடுதான். ஒரே தொழில்காரர் அல்லவா?

பார்லோ ஆற்றங்கரை ஊர். ஓடத்துறை யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் வழக்காட வந்தார்கள். இருவருமே ஹாலிஸ்டரிடம்தான் வந்தார்கள். இருவரையும் ஓடத்தில் ஏற்றி, நடு ஆற்றில் துடுப்பைக் கீழே வைத்தார். "சமாதானம் ஆனால்தான் கரை" என்றார். ஆனார்கள்! இதை நான் சொன்னபோது நண்பர் அஹத் என்ன சொன்னார் தெரியுமா? "போச்சுங்க ரெங்கநாதன், ஃபீஸும் ஆத்தோட போச்சு!" சிரிக்கிறார் பாருங்கள்.

மக்கள் அந்த வக்கீலைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். பெரிய மண்டபம், பெரிய மனிதர்கள், பெரிய பேச்சுகள். அங்கே அவர் என்ன கேட்டார்? பதவி கேட்டாரா? பட்டம் கேட்டாரா? பாராட்டுக் கேட்டாரா? பாதை கேட்டார், ஐயா, பார்லோவுக்கு ஒரு பாதை! "அவ்வளவு சின்ன ஊருக்கா?" என்று சபை நகைத்தது. "ஊர் சின்னது, தூரம் பெரியது" என்றார். நகைத்த சபை நிமிர்ந்தது. பாதை வந்தது.

பாதை வந்தது; அவர் வந்தாரா? வரவில்லை. தேர்தல் மேல் தேர்தல் வென்று, தலைநகரிலேயே வாழ்ந்து, தலைநகரிலேயே அடங்கினார். மகளோடு போய் அந்தக் கல்லறையையும் பார்த்தேன். பாதை கேட்டவரே அதில் திரும்பி நடக்கவில்லை என்றால், மறந்தார் என்பதுதானே பொருள்?

போகிறவர்கள் மறப்பார்கள், ஐயா. வாசலில் ஆட்டோ நின்றால் எழுந்து பார்ப்பவர்கள் நாம். ஆளில்லாத மாடி அறையில் விரிப்பை மாற்றிப் போடுபவர்கள் நாம். விமானம் தாழ்ந்து பறந்தால் அண்ணாந்து நிற்பவர்கள் நாம். வருகிற வெள்ளிக்கிழமை என் மகள் மறுபடி விமானம் ஏறுகிறாள். அடுத்து எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை...

பொறுங்கள். இரண்டாம் வரிசையில் அவள்தான் கை தூக்குகிறாள். என்னம்மா?

"கல்லுல என்ன எழுதியிருந்துச்சுப்பா? அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே" என்கிறாள்.

சொல்கிறேன். சட்டசபை உறுப்பினர் என்று அதில் இல்லை. 'ஈபன் ஹாலிஸ்டர், பார்லோ ஊர் வக்கீல்.' அவ்வளவுதான்.

இன்னும் கையை இறக்கவில்லை. "அங்க என்னை எப்படிப்பா கூப்பிடுறாங்க?"

சபையோருக்கு விளக்க வேண்டும். இவளுடைய இனிஷியல் எல். ஆர்.; லால்குடி ரெங்கநாதன். பாஸ்போர்ட்டுக்காக விரித்து எழுதியபோது, ஊர்ப் பெயர் போய்க் குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இவள் 'டாக்டர் லால்குடி'. எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தவன் நான்.

"கல்யாணத்தப்ப மாத்திக்கலாம்னாங்க. சிட்டிசன்ஷிப் வாங்குறப்பவும் கேட்டாங்க. நான்தான் மாட்டேன்னுட்டேன். உங்க பேரனையும் ஸ்கூல்ல லால்குடின்னுதாம்ப்பா கூப்பிடுறாங்க."

அவையோரே! கல்லைக் கண்ணால் படித்தேன். பெயரைக் காதால் கேட்டேன். இரண்டுக்கும் பொருள் விளங்காமல் மேடை ஏறிவிட்டேன். வர முடியாதவர்கள் ஊரைத் தம் பெயரோடு வைத்துக்கொள்கிறார்கள்.

வித்யா, இப்போது கேட்கிறேன்: அடுத்து எப்பம்மா வருவே? பதிலை வீட்டில் சொல். இங்கே சொன்னால் தாங்கமாட்டேன்.

பிழையோடு பேசியவனைப் பொறுமையோடு கேட்டீர்கள், நன்றி, வணக்கம். என் மூன்றாம் செய்தி தவறு. அதை அடித்துவிடுங்கள்.