குனியாமல் பந்தெடுக்கும் கோல்

ஞாயிற்றுக்கிழமையில் பட்டறை திறக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது, சுதாராணியம்மா. அன்றைக்கு உங்கள் அப்பாவோடு இடைசெவலுக்குப் போவேன். கோவில்பட்டியில் லேத் பட்டறைக்காரர்கள் எத்தனையோ பேர். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து போனவன் நான் ஒருவன்தான்.

உங்கள் அப்பா பெருமாள்சாமி அண்ணாச்சி கொடைக்கானலில் கோல்ஃப் பழகிவிட்டு வந்தது தொண்ணூற்றாறில். இடைசெவலில், வெடிப்பு முடிந்து பருத்திமார் பிடுங்கிய காட்டில் அறுபது பந்து அடிப்பார். அடிக்க முதுகு ஒத்துழைத்தது. குனிந்து பொறுக்கத்தான் முடியவில்லை. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பாதிப் பந்து வெடிப்புக்குள் போய்விடும்.

"ஏலே மாரிராஜ், குனியாம எடுக்க எதாச்சும் செஞ்சு தாயேன்" என்று கேட்டார்.

அலுமினியக் குழாயின் நுனியில் மூன்று கம்பி விரல்கள், மேலே ஒரு பிடி. பிடியை அமுக்கினால் விரல்கள் பந்தைக் கவ்வும். நின்ற வாக்கில் முதல் பந்தை எடுத்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்னை அப்படி யாரும் தொட்டதில்லை. அதன்பின் வாராவாரம் பட்டறைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, கோலில் அதைச் சரிசெய் இதைச் சரிசெய் என்பார்.

இரண்டு வருடம் கழித்து மதுரை டாக்டர் ஒருவர் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார். முதுகு தேறிவிட்டது.

"இந்தக் கோட வரைக்கும் கோலு இருக்கட்டும்னு டாக்டர் சொல்லுதாரு. பொறவு நானே குனிஞ்சுக்கிடுவேன். ஒன்னைய ஞாயித்துக்கெழம அலைய வைக்க மாட்டேன்."

நல்ல மனிதர். அதை அலைச்சல் என்று நினைத்துவிட்டார். அந்த வாரம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மெஷினைப் போடுவேன், நிறுத்துவேன், தெருமுனை வரை போய்த் திரும்புவேன். கடைசியில், எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று கோலை வாங்கி, குழாயில் ஒரு விரற்கடை அறுத்தேன். அடுத்த வாரம் இன்னொரு விரற்கடை. நீங்கள் பட்டறையில் கண்டெடுத்த ஏழு வளையங்களும் அவைதான்.

கோடை ஏற ஏற வெடிப்பு ஆழமாகும் என்பது இங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அண்ணாச்சியும் மண்ணைத்தான் குறைசொன்னார். "இந்த வருசம் வெடிப்பு ரொம்ப ஆழம்லே" என்பார். ஒருக்களித்து, இடுப்பை முறுக்கி, கையை நீட்டி எட்டுவார்.

"மழ இல்லல்லா அண்ணாச்சி" என்பேன் நான்.

கொஞ்சம் வலி திரும்பினால் போதும் என்றுதான் நினைத்தேன். ஐந்தாவது வளையத்திலேயே வலி திரும்பிவிட்டது. அதற்குப் பிறகும் ஏன் இரண்டு அறுத்தேன் என்று கேட்டால், அவர் தைலம் தேய்க்கச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டார். ஏழாவது அறுத்த வாரம், நாற்பதாவது பந்தை எட்டும்போது "அம்மா" என்றார். கால் இரண்டும் மடங்கிவிட்டன. நான் முதலில் வெடிப்புக்குள் கிடந்த பந்தை எடுத்தேன், பிறகு அவரை.

கோலைக் குறைத்தது நான்தான். எங்கே கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர் படுக்கையில் விழுந்த இந்த ஆறு மாதத்தில் படுத்தபடி தண்ணீர் குடிக்க வளைகுழாய், புரண்டு படுக்கக் கப்பி, எல்லாம் செய்து கொடுத்தது யார் என்பதையும் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நீங்கள் வளையங்களைக் காட்டியதிலிருந்து, என்னைக் கண்டால் அண்ணாச்சி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். கழுத்திலும் வலி வந்துவிட்டது போலிருக்கிறது. திரும்பாமல் இருக்க ஒரு பட்டைக்கு அளவெடுத்து வைத்திருக்கிறேன்.